ஆள் இல்லை

அத்தியாயம் பதினொன்று

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு நாலு வரி. படித்தவர்கள் அதற்குள் காபி கலந்துகொண்டு வந்துவிடலாம்.

நம் காதுக்காரம்மா வானொலி நிலையத்தில் கேட்பு அறை அதிகாரி. வருகிற ஒலிப்பதிவை மனிதர் வாசித்தாரா, கம்ப்யூட்டர் கக்கியதா என்று கேட்டுப் பார்த்து, ‘ஆள் உண்டு’ அல்லது ‘ஆள் இல்லை’ என்று முத்திரை குத்துவது அவள் வேலை. அவளுடைய கூடப் பிறந்த தம்பியோ, கம்ப்யூட்டர் இசையை மனித இசை மாதிரி ஒலிக்க வைக்கிற கம்பெனியில் பெரிய தலை. போன வாரம் ஒரு விருந்தில், அவன் அழைத்து வந்த வாடிக்கையாளர்கள் முன்னாலேயே அவனை ‘ரெடிமேட்’ என்று கூப்பிட்டு மூக்கை உடைத்தாள். அவன் கோபப்படாமல் சிரித்துவிட்டு, “பாத்துக்கலாம்க்கா” என்று சொல்லிப் போனான். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு வாசகர்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறேன், பொறுங்கள்.

இன்று புதன்கிழமை காலை. சமையலறையில் காதுக்காரம்மா ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள். மகள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, தட்டில் விழுந்த துணுக்குகளை விரலால் ஓரம் தள்ளிக்கொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அப்பா, கடைச் சாவியைத் தேடுகிற சாக்கில் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளுக்கு இருபத்து மூன்று வயது. பத்து வயதிலிருந்து புல்லாங்குழல். நிலையத்தின் வாத்தியக்குழுவில் ஒரு புல்லாங்குழல் நாற்காலி காலியாகியிருக்கிறது. அந்த நாற்காலி எப்போதாவது ஒருமுறைதான் காலியாகும். வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ‘ஆள் உண்டு’ முத்திரை இல்லாதவர்கள் விண்ணப்பத்தைத் தொடவே முடியாது. ‘ஆள் இல்லை’ என்று விழுந்துவிட்டாலோ, மூன்று வருஷத்துக்கு மறுபடி பதிவு அனுப்ப முடியாது. மகள் பத்து நாள் முன்னால் தன் பதிவை அனுப்பியிருந்தாள். பெயர் இருக்காது, வெறும் எண்தான். அந்த எண்ணை அம்மாவிடம் சொல்லக் கூடாது, அந்த உருப்படியை வீட்டில் வாசிக்கவே கூடாது என்று அம்மாதான் சட்டம் போட்டிருந்தாள். மகள் இரண்டு மாதமாக மாமாவின் ஸ்டூடியோவில் போய்ப் பழகினாள்.

“இன்னிக்கோ நாளைக்கோ உன் பதிவு வந்துடும்” என்றாள் காதுக்காரம்மா. “என் மேஜைக்கு வந்துச்சுன்னா முதல் மூச்சுலயே தெரிஞ்சுடும். உடனே ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு அடுத்த ரூமுக்குத் தள்ளிடுவேன். பெத்த பொண்ணுக்கு நானே முத்திரை குத்தினேன்னு ஒரு பய சொல்லக் கூடாது.”

“முதல் மூச்சுலயே தெரிஞ்சுடுமா?”

“என்ன கேள்வி பாப்பா இது? இருபத்து மூணு வருஷமா நீ மூச்சு விடுறதைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

“எப்பவும் வாசிக்கிற மாதிரி நான் வாசிக்கலைன்னா?”

“ஏன் வாசிக்காம?”

“சும்மா கேட்டேன்.”

மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அப்பா சாவி கிடைத்துவிட்டது என்று யாரிடமோ சொல்லிவிட்டுக் கிளம்பினார். மகளின் அந்த ‘சும்மா’வில் என்ன இருந்தது என்று காதுக்காரம்மா அப்போது யோசிக்கவில்லை. ரொட்டி கருகிக்கொண்டிருந்தது.

கேட்பு அறையில் ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கப் பஞ்சு அட்டை. சத்தம் போடும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். ஹெட்போனின் இடது காதுப் பஞ்சு கிழிந்து, அதை அவளே நூல் போட்டுத் தைத்திருந்தாள். இந்தப் புழுக்கத்தில் பதினொரு வருஷமாக உட்கார்ந்து அவள் ஊரையே மிரட்டிக்கொண்டிருக்கிறாள்.

மிரட்டல் என்றால் சும்மா இல்லை. மற்ற அதிகாரிகள் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். நம்மவள் ஒரு முழுப்பக்கம் எழுதுவாள். எங்கே பொய், ஏன் பொய், மனிதன் என்றால் அந்த இடத்தில் என்ன செய்திருப்பான் என்று பிரித்து மேய்ந்து, கடைசியில் அனுப்பியவன் தூக்கு மாட்டிக்கொள்ளாத குறையாகத் திட்டி முடிப்பாள். அந்தக் கடிதங்களைப் படிப்பதற்கென்றே பக்கத்து அறைக்காரர்கள் மதிய இடைவேளையில் வருவார்கள். அவளுக்கும் அதில் கொள்ளைப் பெருமை.

பதிவேட்டு எழுத்தர் மூன்று எண்களை வைத்துவிட்டுப் போனார்.

ஐம்பத்தி நாலு, பியானோ. ஒன்றரை நிமிஷத்தில் நாற்காலி ஏழு தடவை கிரீச்சிட்டது. ஏழும் ஒரே கிரீச்.

“அட சே! பியானோவைவிட நாற்காலி நல்லா வாசிக்குது” என்று சொல்லிக்கொண்டே சிவப்பு முத்திரையை எடுத்துக் குத்தினாள். எதற்கெடுத்தாலும் இருமலையும் கிரீச்சையும் தூவிவிட்டால் மனித இசை ஆகிவிடுமா? பொம்மைக்கு வியர்வை வரைந்துவிட்டு உழைப்பாளி என்று சொல்கிற கூட்டம். அவளுக்கு அவர்களைப் பார்த்துக் கோபம்கூட வருவதில்லை, குமட்டல்தான்.

ஐம்பத்தி எட்டு, புல்லாங்குழல்.

புல்லாங்குழல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மகளுடையதாக இருந்தால் உடனே நிறுத்த வேண்டுமே. முதல் மூச்சு வந்தது. அவளுக்குத் தெரிந்த மூச்சு இல்லை. இரண்டாம் வரி, சுத்தம். மூன்றாம் வரியில் மூச்சு பாதியில் அறுந்தது. ஐந்தாம் வரியில் விரல் வழுக்கியது. எட்டாம் வரியில் தாளம் இமைப்பொழுது பின்தங்கியது. காதுக்காரம்மாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. பேனாவை எடுத்தாள்.

‘பதிவு எண் 58. மூன்றாம் வரியில் மூச்சுத் தவறல், ஐந்தில் விரல் வழுக்கல், எட்டில் தாளப் பிசகு. யாரோ பட்டியல் போட்டுக் கொடுத்த மாதிரி தவறுகள் வரிசையில் நின்று வருகின்றன. தவறு இருக்கிறது, தவறியதற்கான வெட்கம் இல்லை. தடுக்கி விழுந்தவன் எழுந்ததும் நாலு அடி பயந்து பயந்துதான் நடப்பான். இதுவோ விழுந்த மறுகணமே நெஞ்சை நிமிர்த்தி அணிவகுப்பு நடத்துகிறது. எங்கள் காதில் பூச்சுற்றலாம் என்று எண்ணியவர் குறைந்தபட்சம் வாடாத பூவாவது கொண்டுவந்திருக்கலாம். இந்தப் பதிவை வாசித்தவர் என்று எவரும் இல்லை. ஆள் இல்லை.’

படித்துப் பார்த்தாள். நன்றாக வந்திருந்தது. முத்திரை குத்தினாள்.

அறுபத்தி ஒன்று, வயலின்.

முதல் சுரத்துக்கு முன்னால் மூக்கால் ஒரு சின்ன மூச்சு. வில்லைத் தூக்குகிறவர்கள் தங்களுக்கே தெரியாமல் இழுக்கிற மூச்சு அது. பாதியில் ஒரு தந்தி லேசாக இறங்கிப் போயிற்று. வாசித்தவர் அதைக் கவனித்துவிட்டார். அடுத்த நாலு சுரம் கூனிக் குறுகி வந்தது. ஐயோ பாவம், வெட்கப்படுகிறார்! ஐந்தாவது சுரத்தில் மெல்லத் தைரியம் வந்தது. கடைசி வரிக்குள் தவறை மறந்து அப்படி ஒரு நிம்மதியோடு வில்லை இறக்கினார்.

காதுக்காரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ‘பதினொரு வருஷத்தில் இப்படி ஒருவரைக் கேட்டதில்லை. இவர் யாராக இருந்தாலும் என் வணக்கம். ஆள் உண்டு’ என்று எழுதிப் பச்சை முத்திரை குத்தினாள்.

எழுத்தர் வந்து மூன்றையும் வாங்கிப் போனார். நாலு மணிக்கு எல்லாருக்கும் தபால் போய்விடும். இப்போதெல்லாம் தபால் என்றால் போனுக்குத்தான், ஒரு நொடியில் சேர்ந்துவிடும்.

ஐந்து மணிக்கு நிலையத்தின் வாசலில் தம்பி நின்றான். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை, முகத்தில் அந்தப் போன வாரச் சிரிப்பு.

“என்னடா ரெடிமேட், இந்தப் பக்கம்?”

“உனக்கு நன்றி சொல்லலாம்னு வந்தேன்க்கா. வணக்கம் எல்லாம் போட்டிருக்கே. கூடப் பொறந்தவனுக்கு எதுக்கு அவ்வளவு மரியாதை?”

போனை நீட்டினான். அதில் அவளுடைய கையெழுத்து, பச்சை முத்திரை, எண் அறுபத்தி ஒன்று.

“இது எப்படி உன்கிட்ட?”

“அனுப்பினதே நான்தானே.”

“அந்த வயலின்காரர் யாரு?”

“யாரும் இல்லைக்கா.”

அவள் கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

“பொய் சொல்றே. அந்த வெட்கத்தைக் கம்ப்யூட்டருக்கு எவன் சொல்லிக் குடுத்தான்?”

“நீதான். நூத்தி பன்னெண்டாவது கடிதம்.” அவன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். “நீ நிராகரிக்கிறவங்க அழுதுகிட்டு நேரா எங்க கம்பெனிக்குத்தான் வருவாங்க. வரும்போது உன் கடிதத்தையும் கொண்டு வருவாங்க. மொத்தம் நூத்தி எழுபது சேர்ந்திருக்கு. மத்தவங்க ஒத்தை வரியோட நிறுத்திடுறாங்க, அதை வச்சு நாங்க நாக்கு வழிக்கவா? நீ ஒருத்திதான் எங்களை அசிங்கமா திட்டணும்கிறதுக்காக எல்லாத்தையும் புட்டுப் புட்டு வச்சே. மூச்சை எங்க இழுப்பான், எங்க முழுங்குவான், தப்பு பண்ணினா எத்தனை சுரத்துக்கு வெட்கப்படுவான். எங்க ஆளுங்க உன் கடிதத்தைத்தான் பாடமா படிக்கிறாங்க. உன்னை அங்க டீச்சரம்மான்னுதான் சொல்றோம்.”

“அடப்பாவி!”

“கோபப்படாதேக்கா. பாப்பாவுக்குக்கூட உன் கடிதத்துல இருந்து எடுத்த அட்டவணையைத்தான் குடுத்தேன்.”

“என்ன அட்டவணை? எதுக்கு?”

“அவதான் வந்து கேட்டா. சுத்தமா வாசிச்சா அம்மா ஆள் இல்லைன்னு எழுதிடுவா, எங்கெங்க தப்பு விட்டா மனுஷங்க மாதிரி இருக்கும்னு சொல்லுங்க மாமான்னா. கம்ப்யூட்டர்கிட்ட கேட்டுப் போட்டுக் குடுத்தேன். ரெண்டு மாசம் பழகினா பாவம். ஆனா அது பழைய அட்டவணை. வெட்கம் சேர்க்கிறதுக்கு முந்தினது.”

காதுக்காரம்மா அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

“எந்தெந்த வரியிலடா?”

“மூணு, அஞ்சு, எட்டு. ஏன்க்கா, முகம் ஏன் இப்படிப் போகுது? அக்கா?”

அவள் சாலையைக் குறுக்கே கடந்து, கண்ணில் பட்ட முதல் பஸ்ஸில் ஏறினாள்.

வீட்டில் மகள் அதே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். புல்லாங்குழல் பெட்டி மேஜை மேல் மூடிக் கிடந்தது. அப்பா சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு வந்து, ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

“வாசிக்கட்டுமாம்மா?” என்றாள் மகள். குழலை எடுக்கவில்லை, போனை எடுத்தாள். “‘வாடாத பூவாவது கொண்டுவந்திருக்கலாம்.’ நல்லா எழுதியிருக்கே. பக்கத்து ரூம்காரங்க எல்லாம் சிரிச்சாங்களா?”

“பாப்பா, எனக்குத் தெரியாது. சத்தியமா உன்னோடதுன்னு தெரியாது.”

“முதல் மூச்சுலயே தெரிஞ்சுடும்னியே.”

“அது உன் மூச்சு இல்லையே. அந்த ரெடிமேட் சொன்ன இடத்துல நீ மூச்சை வாங்கினா எனக்கு எப்படித் தெரியும்?” குற்றவாளி மாதிரி நின்றவள், இதைச் சொன்னதும் பழைய அதிகாரியாகிவிட்டாள். பழக்கதோஷம்தான், வேறென்ன? “பதிமூணு வருஷம் படிச்சவ, ஒரு மிஷின்கிட்டப் போய்த் தப்பு பண்ணக் கத்துக்கிட்டு வருவியா? கேவலமா இல்லை?”

“கேவலமாத்தான் இருந்துச்சு. வேற என்ன பண்ணச் சொல்றே? போன வருஷம் ஒரு கிளாரினெட்காரர் பிசிறு இல்லாம வாசிச்சாருன்னு அவரை ஆள் இல்லைன்னே. அப்புறம் அவர் வாசிக்கிறதையே விட்டுட்டாரு. நீ சாப்பிடும்போது சிரிச்சுக்கிட்டே சொன்னே. நான் பயந்துட்டேன்.”

காதுக்காரம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“வெட்கம் இல்லைன்னு எழுதியிருக்கே” என்றாள் மகள். “அந்த மூணு தப்பையும் ஒவ்வொரு தடவை வாசிக்கும்போதும் எனக்கு உடம்பு கூசிச்சும்மா. உனக்குக் கேக்கலை, அவ்வளவுதான். மோசமா வாசிச்சிருக்கான்னு எழுதியிருந்தா வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன். வாசிச்சவர்னு எவரும் இல்லைன்னு எழுதிட்டியே. நான் அங்க இருந்தேன்மா.”

ஜன்னல் பக்கமிருந்து அப்பா இருமினார். “விதியில ஏதோ இடம் இருக்குமே. அதிகாரி தன் காது தவறிடுச்சுன்னு எழுதிக் குடுத்தா முத்திரையை ரத்து பண்ணலாம்னு நீயே ஒரு நாள் சொன்னியே.”

இருக்கிறது. ‘காது தவறிய ஒப்புதல்’ என்று ஒரு படிவம். அதை ஒரு தடவை எழுதிக் கொடுத்தால், அந்த அதிகாரி இதுவரை குத்திய அத்தனை முத்திரையும் மறு பரிசீலனைக்குப் போகும். அதன் பிறகு அந்த அதிகாரி கேட்பு அறைக்குள் நுழைய முடியாது. பதினொரு வருஷமாக அப்படி எவனும் எழுதினதில்லை என்று காதுக்காரம்மாவே பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

“மாமா போன் பண்ணினாரு” என்றாள் மகள். “அந்த வயலினைக் கேட்டுட்டு நீ பாராட்டி எழுதியிருக்கியாமே. அழுதியாம்மா?”

ஒரு ‘இல்லை’ சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது. காதுக்காரம்மாவுக்கு எத்தனையோ துர்க்குணம் உண்டு, காது விஷயத்தில் பொய் மட்டும் வராது.

“ஆமா.”

“என்னோடதைக் கேக்கும்போது?”

“சிரிப்பு வந்துச்சு.”

அப்பா, “ஏம்மா, இதைச் சொல்லித்தான் ஆகணுமா?” என்றார்.

மகள் அழவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். “சரி. நாளைக்குக் காலையில மாமா கம்பெனியில வேலைக்குச் சேர்றேன். அடுத்து அவங்க குழல் பண்றாங்களாம். பக்கத்துல உட்கார்ந்து வாசிச்சுக் காட்ட மனுஷங்க வேணுமாம். என் மூச்சைத் தினம் எட்டு மணி நேரம் பதிவு பண்ணுவாங்களாம். நான் ஆள்தானான்னு அங்க ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை.”

சொல்லிவிட்டு எழுந்து தன் அறைக்குப் போனாள். அலமாரி திறக்கிற சத்தமும், துணி மடிக்கிற சத்தமும் கேட்டன.

காதுக்காரம்மா நிலையத் தலைவருக்குப் போன் போட்டாள்.

“சார், காது தவறிய ஒப்புதல் படிவம் ரெண்டு வேணும். காலையில என் மேஜையில இருக்கணும்.”

“எதுக்கும்மா? யாருக்கு?”

“எனக்குத்தான். ஒண்ணு, இருந்த ஆளை இல்லைன்னு எழுதினதுக்கு. இன்னொண்ணு, இல்லாத ஆளுக்கு வணக்கம் வச்சதுக்கு.”

அந்தப் பக்கம் தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “ஒரே நாள்ல ரெண்டா? யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்தப் படிவத்தை நாம அச்சடிச்சதே கிடையாதும்மா. விதியில போட்டு வச்சதோட சரி. இதுவரைக்கும் யாராவது கேட்டிருந்தாத்தானே? பேசாம ரெண்டு நாள் லீவு போடுங்க. பாதிக்கப்பட்டது யாரோ, மூணு வருஷம் காத்திருக்கட்டும். செத்தா போயிடுவாங்க?”

“வெள்ளைத்தாள்ல எழுதித் தர்றேன்.”

“எழுதினீங்கன்னா நீங்க நிராகரிச்ச அத்தனை பேரும் நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க!”

“நிக்கட்டும்” என்று போனை வைத்தாள்.

மகளின் பழைய நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்தாள். தேதி போட்டாள். ‘பதிவு எண் 58-ஐ நிராகரித்த அதிகாரி ஒரு’ என்று எழுதி, அடுத்த வார்த்தைக்காக யோசித்தாள். பதினொரு வருஷமாக மற்றவர்களுக்குத் தாராளமாகக் கொடுத்த வார்த்தைகள் அத்தனையும் நினைவுக்கு வந்தன. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

மகள் கையில் துணிப்பையோடு அறை வாசலில் வந்து நின்றாள். தாளைப் பார்த்தாள்.

“நீ எழுதினாலும் நான் போகத்தான் போறேன்.”

“போ. உனக்காக எழுதலை.”

“அப்ப யாருக்காக?”

“அந்தக் கிளாரினெட்காரர் வீடு எங்கன்னு உனக்குத் தெரியுமா?” என்று கேட்டாள் காதுக்காரம்மா.

மகள் பையைக் கீழே வைக்கவில்லை. ஆனால் நகரவும் இல்லை.

“தெரியும்” என்றாள். “நீ வந்தா கதவைத் திறக்க மாட்டாரு.”